கார்குழலி தட்டிய கதவு

எதிலும் தலையைக் கொடுத்துவிட்டு அப்புறம் யோசிப்பவள் கார்குழலி. பஞ்சாலை மூடி அப்பா வீட்டோடு உட்கார்ந்த வருஷம், பெண்பிள்ளைக்கு இது எதற்கு என்று தெருவே கேட்ட வெல்டிங் படிப்பில் போய்ச் சேர்ந்தாள். இன்று ரெட்டியார்பாளையம் தாண்டி ஜானகிராமன் நடத்தும் பட்டறையில் அவள் வேலைக்கு மறுபேச்சு கிடையாது. அந்தப் பட்டறைக்குத்தான் வடக்கே ஒரு நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து ஆர்டர் வந்தது. பூமிக்கடியில் தீயோ வெடிப்போ நேர்ந்தால் ஆட்கள் ஓடிப்போய் அடைத்துக்கொள்ள ஓர் இரும்பு அறை வேண்டும்.

அறையின் கதவு கார்குழலி செய்தது. அது தேறினால் அடுத்து வரும் அறைகளுக்கெல்லாம் அவள்தான் தலைமை வெல்டர் என்று ஜானகிராமன் வாக்குக் கொடுத்திருந்தார். சோதனை நாளன்று அவளுக்குக் குஷியில் இட்லி கூட இறங்கவில்லை. விடிந்ததும் பெரிய மார்க்கெட்டுக்கு ஓடி எலுமிச்சம்பழமும் மிளகாயும் வாங்கினாள். கம்பியில் கோத்து, கதவுக்கு மேலே உள்பக்கம் இருந்த கொக்கியில் கம்பியை மாட்டி, பழத்தை வெளியே தொங்கவிட்டாள். ஆட்டோவிலிருந்து லேத் மெஷின் வரை எல்லாவற்றிலும் தொங்குவதுதானே. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சுரங்கத்தின் சார்பில் நிர்மலாதேவி என்ற பொறியாளர் வந்திருந்தார்.

“கீழ காத்து சும்மா நிக்காதும்மா,” என்றார். “பெரிய ஃபேன் அதைத் தள்ளிக்கிட்டே இருக்கும். எங்கியாவது வெடிச்சா காத்து போற வழியே மாறிடும். அந்தத் தள்ளுல சின்ன சந்து கெடச்சாலும் புகை உள்ள பூந்துடும். யாராவது உள்ள உக்காந்து பாக்கணும். புகை வந்தா தட்டுங்க.”

“நான் உக்கார்றேன் மேடம்.” வழக்கம்போல் வாய் முந்திக்கொண்டது.

கதவு மூடியது. வெளியே சட்டி சட்டியாகச் சாம்பிராணிப் புகை போட்டார்கள். கார்குழலி டார்ச்சைக் கதவு ஓரமாக ஓட்டினாள். ஒரு பிசிறு புகை இல்லை. அவளுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. அடுத்து கதவுக்கு நேரே பெரிய ஃபேனைப் போட்டார்கள். அது போட்ட இரைச்சலில் இரும்புச் சுவரே அதிர்ந்தது. மூக்கில் லேசாகச் சாம்பிராணி ஏறியது. டார்ச்சை உயர்த்தினாள். கதவின் மேல் ஓரத்தில் தலைமுடி கனத்துக்குப் புகை உள்ளே வந்துகொண்டிருந்தது.

வெளியே யாருக்கும் தெரியாது. கையால் விசிறிவிட்டால் கலைந்துவிடும், தலைமை வெல்டர் ஆகிவிடலாம். அந்த ஆசை அவளுக்கு வரத்தான் செய்தது. சுவரோரம் நீண்ட பெஞ்சைப் பார்த்தாள். அதில் அவள் ஒருத்திதான் இருந்தாள். அறையைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டால் இந்த பெஞ்சு நிறைய ஆள் இருப்பார்கள். புகை வந்தால் எழுந்து போக அவர்களுக்கு வேறு இடம் கிடையாது. அழுகை முட்டிக்கொண்டு வர, கதவைத் தட்டினாள்.

ஃபேன் நின்றது. கதவைத் திறந்த ஜானகிராமனின் முகம் தொங்கிப்போயிருந்தது. கார்குழலி கதவைச் சுற்றிப் புகை புகாமல் அடைக்கும் ரப்பர் பட்டையை விரலால் தடவிக்கொண்டே போனாள். மேல் ஓரத்தில் விரல் ஒரு பள்ளத்தில் இடறியது. அண்ணாந்து பார்த்தாள். அவள் மாட்டிய கம்பி, ரப்பருக்கும் சட்டத்துக்கும் நடுவே ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

“மொதலாளி, என் எலுமிச்சம்பழந்தான்,” என்றாள்.

நிர்மலாதேவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “நானும் பாத்தேம்மா. நல்லதுதானேன்னு வுட்டுட்டேன்.”

கம்பியை எடுத்துவிட்டு, பள்ளம் விழுந்த ரப்பரையும் மாற்றி, மறுபடி உள்ளே போய் உட்கார்ந்தாள். ஃபேன் முழு வேகத்தில் அடித்து ஓய்ந்தது. சாம்பிராணி வாசம்கூட உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. வெளியே வந்தவளுக்குக் கை கால் நிலைகொள்ளவில்லை.

“அவ்ளோ மெல்லிசு புகை,” என்றார் நிர்மலாதேவி. “தட்டாம இருந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது.”

“உள்ள இருந்தவளுக்குத் தெரிஞ்சுதே மேடம்.”

ஜானகிராமன் எலுமிச்சையை எடுத்துக்கொண்டு போய், வாசலில் நின்ற கார்குழலியின் ஸ்கூட்டியில் கட்டினார்.

“கதவுக்கு வேணாம்,” என்றார். “இனிமே தலைமை வெல்டருக்குத்தான் கண்ணு படும்.”