ஆளில்லாத வீட்டில் பதினொரு பேர்

கனடாவில், ஸ்காபரோவின் வடகிழக்கே, ரூஜ் ஆற்றுப் பக்கத்தில், புதுவீடுகள் எழும்பப்போகும் வெளி ஒன்றில் அகழாய்வு நடக்கப்போவதாக நூலகத்தில் அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். பழைய யோர்க் கவுண்டி என்ற மாவட்டத்தின் பண்ணைவீடு ஒன்றின் அத்திவாரம் அங்கே புதைந்து கிடக்கிறதாம். தொண்டர்கள் தேவையாம். கீழே வீட்டின் சரித்திரம் நாலே வரியில் இருந்தது. 1851இல் கட்டப்பட்டது. மூன்று தலைமுறை அங்கே கோதுமை விதைத்தது. 1968இல் குடும்பம் வெளியேறியது. கடைசி வரி: “1992இல் இடிக்கப்படும்வரை ஆளில்லாமல் கிடந்தது.”

றோசலின் அந்த வரியை இரண்டு தரம் வாசித்தாள். அவளுக்குக் கோபம் வந்தது.

1988 மாரியில், மன்னார் பேசாலையிலிருந்து இருபத்திரண்டு வயதில் வந்து இறங்கியவள், அந்த வீட்டின் மேல்மாடியில்தான் இரண்டு வருடம் இருந்தாள். மொத்தம் பதினொரு பேர். மன்னார் ஆட்கள், தீவார், யாழ்ப்பாணத்தார். கிறிஸ்தவ வேதக்காரரும் சைவக்காரரும் ஒரே குசினியில் சமைத்தார்கள். வீட்டை வாடகைக்கு விட்டதாகக் காணிக்காரர் எங்கும் பதியவில்லை. அங்கிருந்துதான் அவள் பிளாஸ்டிக் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். அகதி விசாரணைக்குப் பதில் சொல்லிப் பழகியதும் அந்தக் குசினி மேசையில்தான். இப்போது ஐம்பத்தேழு வயது. முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை. விடுமுறை எடுத்துக்கொண்டு தொண்டராகப் போனாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. என்னதான் செய்கிறார்கள் என்று முதலில் பார்ப்போம் என்று இருந்தாள்.

அகழாய்வுக்குப் பொறுப்பு துவாரகா, ஸ்காபரோவிலேயே பிறந்து வளர்ந்த தொல்லியலாளர். கூடவே நின்றவர் உள்ளூர் வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் பார்பரா. அங்குள்ள ஒரு தெருவுக்கே அவருடைய குடும்பப் பெயர்தான். மேல் மண் ஒரு சாணுக்குப் புதுசு, அதில் வருவதையெல்லாம் குப்பை வாளிக்குள் போடலாம் என்பது ஏற்பாடு.

இரண்டாவது சனிக்கிழமை, றோசலினின் அரிதட்டில் துருவேறிய இரும்பு ஒன்று தங்கியது. நாக்கு மாதிரி வடிவம், விளிம்பைச் சுற்றிப் பல். பார்பரா ஓடிவந்தார்.

“தோல் வேலைக்காரரின் கருவி! மேல் மண்ணில் எப்படி வந்ததோ? கவுண்டி முழுக்கத் தேடினாலும் இப்படி ஒன்று கிடைக்காது.”

படம் எடுத்தார்கள். பைக்குள் போட்டு இலக்கம் எழுதப் போனார்கள்.

“அது தேங்காய் துருவுகிற அலகு,” என்றாள் றோசலின் ஆங்கிலத்தில். எப்படித் துருவுவது என்று கையாலும் காட்டினாள்.

பார்பரா சிரித்துவிட்டார். “ஓ, அப்படியென்றால் அண்மைக்காலக் குப்பை.” அலகைப் பையிலிருந்து எடுத்து வாளிக்குள் போட்டார்.

றோசலின் குனிந்து அதை வாளியிலிருந்து எடுத்தாள். துவாரகாவிடம் திரும்பினாள்.

“பிள்ளை, அரை நிமிஷத்துக்கு முதல் இது சரித்திரம். எங்கட சாமான் எண்டு தெரிஞ்ச உடன குப்பையோ?”

“அன்ரி, ரூல் அப்படித்தான். 1968க்குப் பிறகு இஞ்ச ஒருத்தரும் இருக்கேல்லை. ஆரோ கொண்டுவந்து கொட்டியிருப்பினம்.”

“கொட்டேல்லை. நான் உந்த வீட்டில இருந்தனான். பதினொரு பேர் இருந்தனாங்கள். இதைப் பையில போட்டு நம்பர் எழுதுமட்டும் நான் இதில இருந்து எழும்பமாட்டன்.”

சொன்னபடியே குழியின் விளிம்பில் இருந்துவிட்டாள். வேலை நின்றது. பார்பரா அருகில் வந்து, அந்த வீட்டில் இருந்ததற்கு ஏதாவது பத்திரம் உண்டா என்று பணிவாகத்தான் கேட்டார்.

“பத்திரம் இல்லை. ஆட்கள் இருக்கிறார்கள்,” என்றாள் றோசலின்.

துவாரகா அலகை வாங்கிப் பைக்குள் போட்டாள். பிறகு பேனையை எடுத்துப் பையில் இலக்கம் எழுதினாள். “அடுத்த சனி கடைசி நாள் அன்ரி. ரிப்போர்ட்டில எழுத எனக்கு ஏதாவது எவிடன்ஸ் வேணும்.”

அடுத்த சனி, அந்த வீட்டில் கூட இருந்தவர்களோடு இரண்டு கார் வந்து நின்றது. மார்க்கம் நகரிலிருந்து புனிதவதியும் கணவர் ஸ்ரீதரனும், மிசிசாகாவிலிருந்து அலெக்ஸாண்டரும் இன்னும் இருவரும். அந்த அலகை அந்த நாளில் ஊரிலிருந்து சூட்கேசுக்குள் சுற்றிக் கொண்டுவந்தது புனிதவதிதான். வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டிலின் பலகையில் அதை அறைந்து கொடுத்தது ஸ்ரீதரன். கொட்டில் எந்தப் பக்கம் இருந்தது என்று வந்தவுடனேயே அவர்களுக்குள் பெரிய சண்டை. கடைசியில் ஸ்ரீதரன் காலால் ஓரிடத்தைத் தட்டினார்.

“இதிலதான் கிடங்கு வெட்டி நண்டுக் கோதெல்லாம் தாட்டனாங்கள். மணக்குது எண்டு பக்கத்துப் பண்ணைக்காரன் சண்டைக்கு வந்தவன்.”

துவாரகா கயிறு பிடித்துக் குழி வெட்டினாள். மத்தியானம்வரை வெறும் களிமண். பார்பரா மணிக்கூட்டைப் பார்த்தார். “கிழக்கால ரெண்டடி வெட்டிப் பாருங்கோ,” என்றார் புனிதவதி, கணவரை முறைத்துக்கொண்டு. வெட்டினார்கள். இரண்டு மணிபோல நண்டுக் கோது வந்தது, கொத்துக் கொத்தாக. அதற்குள் தயிர்ப் பேணி மூடி ஒன்று. 1989 ஏப்ரலுக்கு முன் உண்ணவும் என்று அதில் அச்சிட்டிருந்தது.

துவாரகா அதைப் பார்பராவிடம் நீட்டினாள். அவர் நெடுநேரம் பார்த்தார்.

“நீங்கள் இருந்தீர்கள். சரி. ஆனால் இது கவுண்டியின் வரலாறு இல்லையே.”

றோசலின் சொன்னாள். “உங்கள் பூட்டனாரும் கப்பலில் வந்து இறங்கியவர்தான். அவருக்கு முன் இந்த ஆற்றங்கரையில் இருந்த சனத்தையும் ஆளில்லை என்றுதானே எழுதினீர்கள்?”

பார்பரா மூடியைத் துவாரகாவிடமே திருப்பிக் கொடுத்தார்.

அறிக்கையில் பதினொரு பெயரும் ஏறின. புதிய தகவல் பலகைக்குச் சங்கம் “பல வாடகையாளர்கள்” என்று எழுதி அனுப்பியது, றோசலின் சம்மதிக்கவில்லை. மூன்று கடிதம் போட்ட பிறகு பலகையிலும் பெயர்கள் வந்தன. அலகு இப்போது நூலகத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள், தேங்காய்த் துருவலை என்ற சொல்லோடேயே இருக்கிறது. ஆனால் சங்கம் மறுபதிப்புச் செய்த கவுண்டி வரலாற்றுப் புத்தகத்தில் வீடு இன்னும் ஆளில்லாமல்தான் கிடக்கிறது. ஆகவே றோசலின் சங்கத்தில் சேர்ந்து, ஆண்டுக் கூட்டத்தில் செயலாளர் பதவிக்கே நின்றாள். பார்பராவுக்கு இருபத்திரண்டு வாக்கு. அவளுக்குப் பதினாலு.

கூட்டம் முடிந்து வரும்போது காரில் புனிதவதி கேட்டார். “இவ்வளவும் காணுந்தானே, இனி விடன்?”

“எட்டு வோட்டுத்தான் வித்தியாசம் அக்கா. வாற வருஷமும் நிப்பன். நீங்களும் அண்ணையும் மெம்பராச் சேருங்கோ, அலெக்ஸாண்டரையும் இழுங்கோ.”