ஆடியிலேயே வந்த தீபாவளி

ஜவுளிக்கடை விளம்பர வண்டியில் நான் மைக் பிடிக்க ஆரம்பித்த காலத்தில், ஆயுதபூஜை முடிந்த பிறகுதான் தீபாவளி என்று வாயைத் திறப்போம். பிறகு அது பிள்ளையார் சதுர்த்திக்கு நகர்ந்தது. போன வருஷம் ஆடித் தள்ளுபடி போர்டைக்கூடக் கழற்றவில்லை, "தீபாவளி வந்தாச்சு" என்று பேசிப் பதிவு செய்யச் சொல்லிவிட்டார் முதலாளி.

எல்லோரும் இதைக் குறை சொல்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். செங்கல் சூளை, லாரி, ஓட்டல் என்று எதிலும் ஆறு மாதம் தங்கியதில்லை. சீசன் சீக்கிரம் தொடங்கினால் எனக்கு மூன்று மாதம் சாப்பாடு உறுதி. ஒரே சங்கடம் அக்கா. நாலு வருஷமாக "தீபாவளிக்கு வர்றேன்" என்று போனில் சொல்வேன். பிறகு, கடையில் விடவில்லை என்பேன்.

அந்த ஆடியில், திருக்காட்டுப்பள்ளியில் அவள் தெருவுக்குள்ளேயே வண்டி நுழைந்தது. ஸ்பீக்கரில் என் குரல் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆடிக்கு வந்த மாப்பிள்ளையே இன்னும் கிளம்பலை, அதுக்குள்ள தலை தீபாவளியா?" என்று எதிர்வீட்டு அம்மா கத்தினார்.

அக்கா நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து வண்டியை மறித்தாள்.

"இறங்குடா."

"வேலை நேரம்க்கா."

"தீபாவளி வந்தாச்சுன்னு நீதானே ஊரைக் கூட்டுறே? உட்காரு."

டிரைவர் சிரித்துக்கொண்டே இன்ஜினை அணைத்தான். ஸ்பீக்கரை அணைக்கவில்லை. அக்கா என்னை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, உச்சந்தலையில் எண்ணெயை அறைந்து தேய்த்தாள்.

"கடையில விடலை, சரி. மறுநாள் பஸ்ஸும் ஓடலையா?"

மறுநாள் கடைக்கு விடுமுறை. பஸ்ஸும் ஓடியது. நான் வேளாங்கண்ணிக்கோ ராமேஸ்வரத்துக்கோ ஏறியிருப்பேன். ஒரு வீட்டில் இலை போட்டு உட்கார வைத்தால் எனக்குக் கால் பரபரக்கும். அந்த நாற்காலியிலும் பரபரத்தது.

"இந்த வருஷம் உனக்கு தீபாவளி ஆச்சு," என்றாள், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு. "இனிமே வர்றேன் வர்றேன்னு போன் பண்ணாதே. உனக்குன்னு முறுக்கு எடுத்து வச்சு எறும்புதான் தின்னுது."

உள்ளே போய்விட்டாள். விட்டது தொல்லை என்று எழுந்து வண்டியில் ஏறினேன். தெருமுனை வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. அங்கே குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் என் தலையைப் பார்த்தார்.

"என்ன தம்பி, கங்கா ஸ்நானம் ஆச்சா?"

விளையாட்டுக்குத்தான் கேட்டார். வெயிலில் எண்ணெய் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"இன்னும் இல்லீங்க," என்றேன்.

டிரைவரை டீ குடிக்கச் சொல்லிவிட்டு நடந்தே திரும்பினேன். அக்கா அடுப்பில் ஒன்றும் வைக்கவில்லை. நானே குளிக்கத் தண்ணீர் வைத்தேன். அது காய்வதற்குள் மூன்று தடவை வாசலுக்குப் போய்விட்டு வந்தேன்.