அம்மனிடம் நான் கேட்ட முதல் கேள்வி

என் மகள் செல்விக்கு மூன்று வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. எழுபதாம் வருஷம், ஐப்பசி மழை. ஆஸ்பத்திரியில் உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. எங்கள் ஊர் எல்லையம்மனைக் கூப்பிட்டு அழுதேன். பிழைத்தாள்.

ஆனால் என் மனைவி, "அந்தக் காய்ச்சல் உசுர வுட்டுட்டு புத்திய எடுத்துக்கினு பூடுச்சி" என்றாள். நானும் நம்பினேன். நாலாவதோடு நின்று லாரி கிளீனர், கரும்பு வெட்டு, செங்கல் சூளை என்று திரிந்தவன் நான். அப்பன் தலையிலேயே ஒன்றுமில்லை. சூடேறிய தலையில் என்ன இருக்கும்?

அன்று முதல் அவளை வேவு பார்த்தேன். டம்ளர் கைதவறினால் காய்ச்சல். கூப்பிட்டுத் திரும்பாவிட்டால் காய்ச்சல். கணக்கைச் சரியாகப் போட்டால் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

ஐந்தாவது முடித்ததும் வாத்தியார் வீடு தேடி வந்தார். உத்திரமேரூரில் ஆறாவது சேர்க்கச் சொன்னார். மேலே படிக்க இத்தனை பேரை அனுப்பினேன் என்று கணக்குக் காட்ட அலைகிறார் என்று எனக்குச் சந்தேகம். "நூல் சுத்த அனுப்பு. அதுக்கு மூளை வாணாம்" என்றாள் மனைவி. தறிக்காரர் திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை செல்வியையும் கூட்டிக்கொண்டு பூ கேட்கப் போனேன். அம்மனின் இரு தோளிலும் பூசாரி ஈரப்பூ ஒட்டுவார். வலப்பக்கம் விழுந்தால் சம்மதம், இடப்பக்கம் விழுந்தால் இல்லை. 'தாயே, இவளுக்கு மூளை இருக்கிறதா?' என்று மனதுக்குள் கேட்டேன். கற்பூரம் அணைந்தது. ஒரு பூவும் அசையவில்லை.

"இன்னா நைனா கேட்ட?" என்றாள் செல்வி. சொன்னேன்.

"அத்த ஏன் கேக்கற? பள்ளிக்கூடமா, நூலான்னு தானே பேஜாரு? பள்ளிக்கூடம் அனுப்பட்டுமான்னு கேளு."

அப்படியே கேட்டேன். வலத்தோள் பூ விழுந்தது.

காற்றா என்று கதவைப் பார்த்தேன். பூசாரியின் கையைப் பார்த்தேன்.

"இன்னாய்யா, அம்மன் மேலயே கேசு போடுவ போலக்கீதே!" என்றார் அவர். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

சேர்த்தேன். எட்டாவதில் தோற்றாள். "சொன்னேன்ல?" என்றாள் மனைவி. எனக்கும் பழைய சந்தேகம் எழுந்தது. ஆனால் பூ விழுந்ததே. மறுபடி அனுப்பினேன். அடுத்த வருஷம் தேறினாள். பத்தாவது முடித்து, இப்போது கிராம நர்ஸ் பயிற்சியில் இருக்கிறாள்.

பிள்ளையை ஓரக்கண்ணால் அளந்துகொண்டிருக்கும் பெற்றோரே, எங்கள் எல்லையம்மனிடம் வாருங்கள். அனுப்பட்டுமா என்று மட்டும் கேளுங்கள். என் முதல் கேள்விக்கு அம்மன் இன்னும் பதில் சொல்லவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை.