பிறக்காத ஜீப்புக்கு ஒரு போர்டிகோ

இன்னும் வராத ஒன்றுக்கு இடம் விட்டு, பக்கத்தில் இருப்பவரை எவ்வளவு தூரம் தள்ளி உட்காரச் சொல்லலாம்? லிங்கராஜபுரம் சிரிலின் வாழ்க்கையை எதிர்வீட்டிலிருந்து பார்த்த ஆண்டுகளில் எனக்குள் எழுந்த கேள்வி இது. புத்தகங்களில் விடை தேடினேன். அவற்றை எழுதியவர்களில் யாரும் முப்பதுக்கு நாற்பது மனையில் வீடு கட்டியதாகத் தெரியவில்லை.

சிரில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்தார். எந்தச் சாமான் எந்த அலமாரியில் அடங்கும் என்று சொல்வது அவர் வேலை. அதையே செய்து செய்து, கண்ணில் படுவது எல்லாம் அவருக்கு நீள அகலமாகிவிட்டது. கல்யாணத்துக்குப் போனால் மணமக்களைவிட மேடையைத்தான் கவனமாகப் பார்ப்பார். மொபெட்டில் வேலைக்குப் போய் வந்தார். கார் ஓட்டத் தெரியாது. ஆனால் காடு, மேடு, ஆற்று மணல் எதிலும் போகிற ஜீப்புகள் மேல் அப்படியொரு பித்து. அவர் அதுவரை போயிருந்த காடு, நகர நடுவில் இருக்கும் கப்பன் பூங்கா.

1999-இல் மோட்டார் பத்திரிகை ஒன்றில் ஒரு படம் வந்தது. வடக்கே ஒரு கம்பெனி புதிதாகச் செய்துகொண்டிருந்த ஜீப்பைக் கறுப்புத் துணியால் மூடி, நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்க்கும்போது யாரோ எடுத்த படம். கீழே ‘சூளகிரி அருகே’ என்று மட்டும் போட்டிருந்தது. நீளம் என்ன, உள்ளே எத்தனை பேர் உட்காரலாம், பின்கதவு மேலே திறக்குமா பக்கவாட்டில் திறக்குமா, எதுவும் தெரியாது. தெரியாததால்தான் பேச முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் தமிழ்ப் பூசை முடிந்ததும் சிரில் ரிச்சர்ட்ஸ் டவுன் பூங்காவுக்கு எதிரே இருந்த பேக்கரிக்கு வருவார். உதிரிபாகக் கடை வைத்திருந்த எரிக் அங்கே முன்பே உட்கார்ந்திருப்பார். வங்கி அதிகாரி கோதண்டராமனுக்குப் பூசை இல்லை, ஆனால் பூசை முடியும் நேரம் சரியாகத் தெரியும். மூவரும் அந்தப் படத்தை மேசைமேல் விரிப்பார்கள். வண்டியின் பக்கத்தில் ஒரு மாடு நின்றிருந்தது.

“மாட்டோட முதுகு உயரம் தெரிஞ்சா போதும். மீதி எல்லாம் கணக்குதான்,” என்றார் சிரில்.

“எந்த மாடுன்னு தெரியணும் இல்ல?” என்றார் கோதண்டராமன்.

“மாடுன்னா மாடுதான் குரு. அதுல இன்னா டீலக்ஸ் மாடலா?” என்றார் எரிக்.

அடுத்த நாள் சிரில் அளவு நாடாவுடன் தெருக்கோடி மாட்டுத் தொழுவத்துக்குப் போனார்.

“மாடு வாங்கப் போறியா சார்?” என்று பால்காரர் கேட்டார்.

“இல்லப்பா. ஒரு ஜீப் அளக்கணும்.”

பால்காரர் மறு கேள்வி கேட்கவில்லை. அவர் ஊற்றுவதில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்காத ஒரே வாடிக்கையாளர் சிரில். அந்த ஜெர்சிப் பசுவின் முதுகு சிரிலின் மார்புக்கு வந்தது. கணக்குப் போட்டதில் ஜீப் பதினாறு அடி நீளம் என்று ஆயிற்று. பேக்கரியில் அது ஒப்புக்கொள்ளப்பட்டது. ஒப்புக்கொள்ளப்பட்டது என்பதாலேயே அது உண்மையும் ஆனது. இதைவிடக் குறைந்த ஆதாரத்தில் மதங்கள் நின்றிருக்கின்றன என்பதால் நான் சிரிக்கவில்லை.

சிக்கல் என்னவென்றால், அந்த வருடம் சிரில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி மௌரீன் கணக்கு டீச்சர். பள்ளி விட்டு வந்ததும் வாடகை வீட்டின் ஒற்றை அறையில் எஸ்.எஸ்.எல்.சி. பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பார். பிள்ளைகள் கட்டில்மேல் உட்கார்ந்து எழுதுவார்கள். ஒரு பிள்ளை அசைந்தால் மற்ற எல்லோருடைய கோணமும் வட்டமும் கோணிப்போகும். புது வீட்டில் தெருவைப் பார்த்து ஜன்னலும் சுவரில் கரும்பலகையும் உள்ள ஓர் அறை அவருக்கு என்று சிரில் சொல்லியிருந்தார். மனை வாங்கிய அன்று அவர் கொடுத்த வாக்கு அது ஒன்றுதான். முன்பக்கத்தில் அந்த அறை, அதற்குப் பக்கத்தில் ஜீப்புக்கு ஒரு போர்டிகோ. மூலை மனை என்பதால் ஜீப் பக்கத்துச் சந்து வழியாக அறையை நோக்கி நுழைய வேண்டும்; இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர். அந்தச் சுவர் எங்கே வரும் என்பதைப் பேக்கரி தீர்மானித்தது.

ஞாயிறு பேச்சில் ஜீப்பின் பின்னால் ஸ்டெப்னி தொங்கும் என்று முடிவானால், திங்கட்கிழமை காலை மேஸ்திரி கோவிந்தப்பா சுண்ணாம்புக் கோட்டை அழித்துத் தள்ளிப் போடுவார். முன்னால் இரும்புப் பம்பர் உண்டு என்று எரிக் சத்தியம் செய்தால் கோடு இன்னொரு முறை நகரும். பின்கதவு பக்கவாட்டில்தான் திறக்கும் என்று கோதண்டராமன் கண்டுபிடித்த வாரம், கதவு திறக்கவும் ஆள் நிற்கவும் இடம் வேண்டியிருந்தது. அதோடு டியூஷன் அறை ஒரு நடைபாதை அளவுக்கு வந்துவிட்டது.

“ஏங்க, இதுல பிள்ளைங்க உக்காரணுமா, வரிசையா நிக்கணுமா?” என்று கேட்டார் மௌரீன்.

“வண்டிய வெயில்ல விட முடியுமா மௌரீன்? பெயின்ட் போயிடும்.”

“எந்த வண்டி?”

“வரப்போறது.”

“வந்து நிக்கிற பிள்ளைங்கள வெயில்ல விடலாமா?”

மழைக்கு முன்னால் கூரைக்குக் கான்கிரீட் போட்டாக வேண்டும் என்று கோவிந்தப்பா அவசரப்படுத்தினார். சுவர் நிற்கும் இடம் அந்த வாரத்துக்குள் முடிவாக வேண்டும். அதற்கப்புறம் அறை இல்லை என்றால் இல்லைதான். மௌரீன் கட்டிலையே புது வீட்டுக்கும் எடுத்துப்போகத் தயாரானார்.

அந்தச் சனிக்கிழமை மௌரீனின் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு இருவரும் கிருஷ்ணகிரிக்குப் பஸ்ஸில் போனார்கள். வழியில் நடந்ததை மௌரீன்தான் பிற்பாடு என்னிடம் சொன்னார். சூளகிரி தாண்டியதும் டயர் பஞ்சர் ஆகி, எல்லோரும் கீழே இறங்கி நின்றார்கள். சாலையோரம் மாடுகள் மேய்ந்தன. சிவப்பு நிறம், குட்டைக் கால், நாட்டு மாடுகள். சிரில் ஒன்றின் பக்கத்தில் போய் நின்றார். அதன் முதுகு அவர் இடுப்புக்குத்தான் வந்தது. அடுத்த மாட்டிடம் போனார். அதுவும் அப்படியே. மேய்க்கிற பெண் சந்தேகத்தோடு எழுந்து வந்தாள்.

“இங்க எல்லா மாடும் இவ்ளோதானாம்மா?”

“பின்ன? ஆனை மாதிரியா இருக்கும்?”

லிங்கராஜபுரத்துப் பசுவைக் கொண்டு, படத்தில் நின்ற சூளகிரி மாட்டை அளந்திருந்தார்கள். சிரில் விரல் விட்டு எண்ணத் தொடங்குவதற்குள் மௌரீன் கணக்கை முடித்துவிட்டார்.

“பன்னெண்டு அடிங்க. பன்னெண்டே அடி.” பிறகு மெதுவாகச் சொன்னார்: “அப்ப ரெண்டுக்கும் இடம் இருக்கு.”

கிருஷ்ணகிரி விருந்தில் சிரில் இரண்டாம் முறை பிரியாணி கேட்டு வாங்கினார், அவ்வளவுதான். மனிதன் தன் தவறைக் கண்ட பின் மாறிவிடுவான் என்று சொல்கிறவர்களை நான் எச்சரிக்கையோடுதான் படிக்கிறேன். பெரும்பாலும் பசிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் திரும்பி வந்தவர், பூசைக்குப் போகாமல் நேரே கோவிந்தப்பா வீட்டுக்குப் போய் அவரை மனைக்கு அழைத்து வந்தார். நான் வாசலில் நின்றிருந்தேன். கோவிந்தப்பா கையில் சுண்ணாம்பு டப்பாவோடு, “எஷ்டு பிடபேக்கு சார்? எவ்ளோ விடணும்?” என்று கன்னடத்திலும் தமிழிலும் கேட்டார்.

“விட வேணாம். அந்தக் கடைசி வரைக்கும் ரூமே.”

“பூரா ரூமா? வண்டிக்கி ஜாகா பேடவா சார்?”

“பேடா. இடம் வேணாம்.”

“கேட்டு?”

“ஆளு வர்ற மாதிரி சின்னதா ஒண்ணு வை.”

மௌரீன் ஓடி வந்தார். பன்னிரண்டு அடி விட்டாலே போதும், மீதியே தனக்கு அதிகம் என்றார். தனக்காக ஆசையை விட வேண்டாம் என்றும் சொன்னார். சிரில் கேட்டுக்கொண்டார். பிறகு கோட்டின் ஒரு முனையைத் தானே பிடித்துக்கொண்டு, சுண்ணாம்பு விழும் வரை நின்றார். மறுநாள் சுவர் எழும்பியது. நாற்பது பிள்ளைகள் தாராளமாக உட்காரும் அறை. தெருவில் அதைவிடப் பெரிய முன்னறை அன்று யாருக்கும் இல்லை. அது அன்பா, கோபமா, பன்னிரண்டு அடி வண்டியின் மேல் வந்த ஏமாற்றமா என்று மௌரீன் பலமுறை கேட்டிருக்கிறார். ஜன்னலுக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று சிரில் திருப்பிக் கேட்பார். அடுத்த ஆண்டு ஜீப் விற்பனைக்கு வந்தபோது, மௌரீன் சொன்ன அளவை ஒட்டியே இருந்தது. அதைப் போய்ப் பார்க்க சிரிலுக்கு நேரம் கிடைக்கவில்லை.

ஆனால் கோடு போட்ட அந்த ஞாயிற்றுக்கிழமையே, கையைக் கழுவிக்கொண்டு அவர் பேக்கரிக்குப் போயிருக்கிறார். சூளகிரி மாட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. சுவரைப் பற்றியும் சொல்லவில்லை. எரிக் படத்தை விரித்து, “பதினாறு கொஞ்சம் ஜாஸ்தியோன்னு தோணுது சிரிலு,” என்று முதன்முறையாகச் சந்தேகப்பட்டார். கோதண்டராமனும் தலையாட்டினார்.

சிரில் படத்தைத் தன் பக்கம் இழுத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, “இல்ல, பதினாறரை,” என்றார்.