மேனேஜர் மாமா தேய்த்த கம்பளம்

ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் எங்கள் மாமா மேனேஜர்தான். அதட்டுவதற்கு ஆபீஸ் இல்லை, அத்தை இருந்தாள். அவள் வாய்திறந்து கேட்டு வீட்டுக்குள் வந்தது ஒன்றே ஒன்று: பூனை. அதற்குத் துரை என்று பெயர். மாமாவைவிட அதற்கு மரியாதை தெரியும்.

துரைக்கு வயதாகிவிட்டது. ஒருநாள் அடக்க முடியாமல் ஹால் கம்பளத்திலேயே மூத்திரம் பெய்துவிட்டது. மாமா குதித்த குதி இருக்கிறதே, அப்பப்பா!

"நாத்தம் போகலேன்னா இந்தச் சனியனை எங்கயாவது கொண்டுபோய் விட்டுருவேன்!"

"அது போனா நானும் போறேன்" என்றாள் அத்தை.

மாமா சிரித்தார். அவள் போவாளா என்ன!

அத்தை பழைய துண்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். "தேய்க்காதீங்க. இதால ஒத்துங்க, போதும்."

"ஒத்திப் போடுறதெல்லாம் நம்மகிட்ட கிடையாது. உடனுக்குடனே முடிக்கிறவன் நான்!"

இந்த மனுஷனிடம் யார் பேசுவது? வெந்நீரைக் கொட்டினார், பிரஷ்ஷால் தேய் தேய் என்று தேய்த்தார். மேலாக இருந்த ஈரமெல்லாம் கம்பளத்துக்கு அடியில் இருந்த ஸ்பாஞ்சுக்குள் இறங்கியது. அதன்மேல் மல்லிகை சென்ட் வேறு. ஹால் முழுக்க மல்லிகை மூத்திரம். துரை வந்து மோந்து பார்த்தது. நம்ம இடம்தான் என்று தெரிந்துகொண்டு அங்கேயே மறுபடியும் பெய்தது.

அவ்வளவுதான். துரையைக் கூடையில் அடைத்து, அத்தையின் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, வெற்றிவீரராகத் திரும்பினார் மாமா. வாசலில் அத்தை பெட்டியோடு நின்றாள். நேரே தங்கை வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

பூனை போய்விட்டது. நாற்றம் போகவில்லை. மாமா என்னைக் கூப்பிட்டார். கம்பளத்தின் ஓரத்தை இருவரும் தூக்கினோம். ஐயோ! ஸ்பாஞ்சு மஞ்சளாக ஊறிக் கிடந்தது. எனக்கு வந்த கோபத்தில், "பூனை பெஞ்சது மேலே. அதை உள்ளே இறக்கினது நீங்க, மாமா" என்று சொல்லியே விட்டேன்.

மாமா போய்க் கத்தரிக்கோலை எடுத்துவந்தார். இருவருமாக ஸ்பாஞ்சை வெட்டி எறிந்தோம். கம்பளத்தில் வினிகர் தண்ணீர் தெளித்து, அத்தையின் அதே துண்டால் ஒற்றி ஒற்றி எடுத்தார். நாற்றம் போனது. உடனே போனை எடுத்தார்.

"இங்க பாரு, வாடையே இல்ல. துரையையும் கூட்டிட்டு வா. எப்ப வர்றே?"

அத்தையின் குரல் எனக்கும் கேட்டது.

"இப்ப என்னங்க அவசரம்? ஒத்திப் போட்டிருக்கேன்."