கமெண்ட்ரி அக்காவோட கத்திரி

லைட்டு அணையறதுக்கு முன்னாடியே கமெண்ட்ரி அக்கா ஒரு புதினா மிட்டாய வாயில போட்டு, தொண்டையக் கனைச்சு, தம்பியோட வலது காதுப் பக்கமா சாஞ்சு உக்காந்துடுவாங்க. கடைசி வரிசை, செவுத்தோரம். அங்க உக்காந்தாத்தான் பின்னாடியிருந்து யாரும் "ஷ்ஷ்"னு அதட்ட மாட்டாங்க. முன்வரிசைக்காரங்க திரும்பி மொறைச்சா அக்கா ஒரு சிரிப்பு சிரிப்பாங்க. அதுக்கும் மசியலன்னா தம்பியோட மடக்குக் குச்சிய எடுத்து லேசா காட்டுவாங்க. அவ்ளோதான், மொறைச்சவங்க கழுத்து தானா திரும்பிக்கும்.

அக்காவோட கொரலு ஒரு ஜாண் தூரத்துக்கு மேல போகாது. தொட்டில்ல கொழந்த இப்பத்தான் கண்ண மூடியிருக்குன்னா பக்கத்துல இருக்கறவங்ககிட்ட எப்படிப் பேசுவோம், அந்த அளவு. "வர்றான். நீலச் சட்ட. மூஞ்சி சரியில்ல. கதவத் தள்ளறான். உள்ள அவ நிக்கறா, சன்னலப் பாத்துக்கிட்டு. அய்யய்ய, இவன் காலர் என்ன இப்படித் தூக்கிக்கிட்டு நிக்குது, தெச்சவன் கைய ஒடிக்கணும்."

"அக்கா, காலர விடு. ஆளு என்ன பண்றான்?"

"இருடா, சொல்றேன்ல. சும்மாத்தான் நிக்கறான்."

காலரு கண்ணுல படாம எப்படி இருக்கும்? அக்காவோட பொழப்பே அதுதான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர மாடிப்படிக்குக் கீழ, மூணடி அகலத்துல ஆல்ட்டரேஷன் கடை. புதுத்துணி தெக்க மாட்டாங்க. "புதுசா தெக்கறதுக்கு ஆயிரம் பேரு இருக்காங்க. இருக்கறத ஆளுக்கு ஏத்த மாதிரி ஆக்கணும்ல, அதுக்குத்தான் நான்." பேண்ட் நீளம் கொறைக்கறது, இடுப்பு விட்டுத் தெக்கறது, ஜிப்பு மாத்தறது. டேப்பு கழுத்துல சும்மா தொங்கும். ஆளு ரோட்டக் கடந்து வர்றப்பவே அளவு எடுத்து முடிச்சிருப்பாங்க. ஒதட்டுல நாலு குண்டூசியக் கடிச்சுக்கிட்டே பேசுவாங்க, ஒண்ணுகூட விழாது.

இடுப்பு பெருத்துப் போனவங்க யாரும் அந்தக் கடையில வந்து அத ஒத்துக்கிட்டதே இல்ல. "துணி சுருங்கிடுச்சுக்கா"ன்னுதான் ஆரம்பிப்பாங்க. அக்காவும் குண்டூசிக்கு நடுவுல தலையாட்டுவாங்க. "ஆமா சார், இப்பல்லாம் துணி ரொம்பத்தான் சுருங்குது." ஒருத்தர் மனசும் கோணாது. அக்காவுக்கு ஊர்ல இருக்கற நல்ல பேருக்குப் பாதிக் காரணம் அதுதான்.

தம்பிக்கு ஒம்போது வயசுல ஒரு காய்ச்சல் வந்து, போறப்ப கண்ணையும் எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு. அப்ப அக்காவுக்குப் பதினாலு. இனிமே பார்வ வராதுன்னு டாக்டர் சொன்ன வாரம், வீடே இழவு வீடு மாதிரி கெடந்துச்சு. அம்மா அக்காவக் கூப்பிட்டு, "அவன எங்கயாவது கூட்டிட்டுப் போடி, நான் கொஞ்ச நேரம் அழுதுக்கறேன்"னாங்க. அக்கா தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. கண்ணு தெரியாதவனப் படத்துக்கா கூட்டிட்டுப் போறதுன்னு அப்ப அவங்களுக்குத் தோணல. பதினாலு வயசுக்கு வேற எந்த எடம் தெரியும்?

அந்தப் படத்துல ஒரு லாரி ஓட்டுற அண்ணன். அப்பாகூடச் சண்ட போட்டுட்டு வீட்ட விட்டுப் போயிடறான். கடைசியில தங்கச்சி கல்யாணத்தன்னிக்கு வர்றான். கேட்டுக்கு வெளிய நின்னு பாக்கறான். பேச்சே கெடையாது, வயலின் மட்டும். மூணு நிமிஷம் நின்னுட்டுத் திரும்பிப் போயிடறான். படம் முடிஞ்சுது.

வயலின் ஆரம்பிச்சதும் தம்பி அக்காவோட கையப் புடிச்சுக்கிட்டான். நகம் பதியற மாதிரி. "அக்கா, அண்ணன் உள்ள வந்துடுவானா?"

அக்கா திரையப் பாத்தாங்க. தம்பி மூஞ்சியப் பாத்தாங்க. "வந்துட்டான்டா. கேட்டத் தொறந்துட்டான். அப்பா எந்திரிச்சு வந்து கையப் புடிச்சுக்கிட்டாரு."

"அழறாரா?"

"ரெண்டு பேருமே அழறாங்க. இப்ப சிரிக்கறாங்க."

அந்த வாரத்துல தம்பி மொத தடவையா சிரிச்சது அப்பத்தான். அத ஒரு பொய்யின்னு அக்கா அன்னிக்கு நெனக்கவே இல்ல.

அதுக்கப்புறம் அது பழக்கமாயிடுச்சு. ஆளுங்க பேசற எடத்துல ஒண்ணும் பண்ண முடியாது, தம்பிக்குக் காது பாம்புக் காது. ஆனா ரெண்டு நிமிஷம் பேச்சில்லாம இசை மட்டும் வந்தாப் போதும், அக்கா கத்திரிய எடுத்துடுவாங்க. இங்க கொஞ்சம் வெட்டு, அங்க கொஞ்சம் ஒட்டு. ரயில்ல ஏறிப் போனவ எறங்கி ஓடி வந்துடுவா. லாரியில அடிபட்ட நாயி எந்திரிச்சு வாலாட்டும். அக்கா வீட்டுக்காரரு ஒரே ஒரு தடவ கூட வந்தாரு. வந்தவரு டைட்டில் போடறப்பவே தூங்கிட்டதால, அவருக்கும் ஒண்ணும் தெரியாமப் போச்சு.

தம்பி வளந்தாரு. தண்ணி வாரிய ஆபீஸ்ல போன் எடுக்கற வேல. கொழாயில தண்ணி வரலன்னு ஊரே அவரத்தான் திட்டும். கொரல வெச்சே ஆளு யாருன்னு சொல்லி, "என்ன சார், போன வாரம் சளியா இருந்துச்சே, தேவலையா?"ன்னு கேப்பாரு. திட்ட வந்தவங்க தேங்க்ஸ் சொல்லிட்டுப் போன வெச்சுடுவாங்க. அங்கயே ஒரு நாளு அந்த லாரிப் படத்தப் பத்திக் கேஷியரோட பெரிய வாக்குவாதம். கேஷியரு சொன்னாரு, "அந்த லாரிக்காரன் உள்ள வரவே மாட்டான் சார், கேட்டோட போயிடுவான்." தம்பி விடல. "நீங்க கடைசி பஸ்ஸப் புடிக்க முன்னாடியே எந்திரிச்சுப் போயிருப்பீங்க. அப்பா கையப் புடிப்பாரு சார், எனக்குத் தெரியாதா?" ஒரு டீக்குப் பந்தயம். கேஷியரு நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தாராம். அப்புறம், "ஆமா சார், நீங்க சொன்னதுதான் சரி"ன்னு டீ வாங்கிக் குடுத்துட்டாரு. வீட்டுக்கு வந்து தம்பி பெருமையா சொன்னப்ப அக்காவுக்குச் சோறு எறங்கல.

தம்பிக்கு ஒரு சிநேகிதரு உண்டு, பேரு வக்கீல். உண்மையான வக்கீல் இல்ல, மனு எழுதி எழுதியே வந்த பேரு. சக்கர நாற்காலியில போறவரு. தியேட்டர் வாசல்ல அஞ்சு படி. ஒவ்வொரு தடவையும் நாலு பேரு அவர மூட்ட மாதிரி தூக்கிட்டுப் போவாங்க, ஒருத்தன் கண்டிப்பா "என்ன சார், வெயிட்டு ஏறிடுச்சு"ம்பான். இவங்க ரெண்டு பேரும் சேந்து நாலு வருஷமா மனு போட்டாங்க. படிக்குப் பக்கத்துல சரிவு வேணும், நாற்காலி நிக்க எடம் வேணும், கக்கூஸ் கதவு அகலமா வேணும், கண்ணு தெரியாதவங்களுக்கு ஹெட்போன் வேணும். அந்த ஹெட்போன்ல திரையில நடக்கறத ஒரு கொரல் சொல்லிக்கிட்டே வரும், ஆளுங்க பேசறப்ப நிறுத்திக்கும்.

மேனேஜர் மொதல்ல சிரிச்சாரு. "சார், தப்பா நெனக்காதீங்க, கண்ணு தெரியாதவங்களுக்குப் படம் எதுக்கு?"

தம்பி சொன்னாரு, "உங்களுக்குத்தான் காது நல்லாக் கேக்குதே, அப்புறம் எதுக்கு ஒரே விஷயத்த நாலு வருஷமா சொல்ல வெக்கறீங்க?"

ஒரு வழியா எல்லாம் வந்துச்சு. மொத ஷோவுக்கு எந்தப் படம் போடலாம்னு மேனேஜரே தம்பியக் கேட்டாரு. பழைய படங்களுக்குக் கொரல் பதிஞ்சு குடுக்கற ஒரு குழுவோட லிஸ்ட்டப் படிச்சுக் காட்டுனாங்க. தம்பி பாதியிலயே நிறுத்தச் சொல்லிட்டாரு. அந்த லாரிக்காரன் படம் அதுல இருந்துச்சு.

அக்காவுக்கு மிஷின் மிதிக்கற காலு நின்னு போச்சு. "அதுவா? வேணாம்டா. பழசு, பூரா கீறல் விழுந்திருக்கும்."

"எனக்கென்னக்கா, கீறலா தெரியப் போகுது?"

ஷோவுக்கு நாலு நாளு இருந்துச்சு. நாலு நாளும் அக்கா சொல்லிடலாம்னு வாயத் தொறந்தாங்க. ஷோ அன்னிக்குக் காலையில சட்டையத் தேச்சுக் குடுத்துட்டு, "டேய், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்"னாங்க. "சாயங்காலம் சொல்லுக்கா, கீழ வக்கீல் கத்தறாரு." சரிவுல ஏறறப்ப சொல்லிடலாம்னு பாத்தாங்க. தம்பி கைப்பிடியத் தடவிக்கிட்டே, "படியே இல்லக்கா! ஒண்ணுகூட இல்ல!"ன்னு கொழந்த மாதிரி மேல போயிட்டுத் திரும்பக் கீழ வந்து இன்னொரு தடவ ஏறுனாரு. வக்கீல் தானே சக்கரத்த உருட்டிக்கிட்டு வந்து, "இருவது வருஷத்துல இன்னிக்குத்தான் என் வெயிட்ட யாரும் சொல்லல"ன்னாரு. அந்த நேரத்துல எப்படிச் சொல்றது?

படம் ஓடுச்சு. அக்காவுக்கு வாய்க்கு வேலையில்ல. திரையப் பாக்காம தம்பி மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. வயலின் வந்துச்சு. தம்பி சிரிக்கறதுக்குத் தயாரா மோவாயத் தூக்குனாரு. ஹெட்போன் கொரலு அதுபாட்டுக்கு நடந்ததச் சொல்லிக்கிட்டுப் போச்சு. அப்புறம் மோவாய எறக்கிட்டாரு. அவ்ளோதான்.

லைட்டு போட்டதும் மேனேஜர் மைக்கோட ஓடி வந்தாரு. "சார், எப்படி இருந்துச்சு?"

"எல்லாம் தெளிவாத் தெரிஞ்சுது"ன்னாரு தம்பி. எல்லாரும் கை தட்டுனாங்க.

பஸ்ல ரெண்டு ஸ்டாப்பு தாண்டுச்சு. அப்புறம் தம்பி கேட்டாரு. "கேட்டுக்கு வெளியவே நின்னானாமே?"

"ஆமாடா."

"அப்பா?"

"அவரு பாக்கவே இல்ல. உள்ள இருந்தாரு."

"வேற எந்தெந்தப் படம்?"

அக்கா ஞாபகம் வந்ததச் சொன்னாங்க. ரயில்ல போனவ. கெணத்துல விழுந்த பையன். நாயி.

"நாயுமா?" தம்பி அக்கா பக்கம் திரும்பிட்டாரு. "நாயுமா செத்துப் போச்சு?" இவங்க வீட்டுல ஏதோ துக்கம்போலன்னு பக்கத்து சீட்டுக்காரரு எந்திரிச்சு எடம் விட்டாரு. "நீ துணியத்தான் ஆல்ட்டர் பண்றன்னு நெனச்சேன்க்கா."

"உன் சந்தோஷத்துக்குத்தான்டா..."

"கேஷியர்கிட்ட ஜெயிச்சேன்னு வந்து சொன்னேனே. அப்பக்கூடவா சொல்லத் தோணல? அந்த ஆளு எனக்குப் பாவம் பாத்து டீ வாங்கிக் குடுத்திருக்காரு. நானும் ருசிச்சுக் குடிச்சிருக்கேன்."

அவரு சத்தம் போடல. போட்டிருந்தா அக்காவுக்குத் தேவலையா இருந்திருக்கும்.

அதுலருந்து தம்பி தனியாத்தான் படத்துக்குப் போறாரு. பஸ்ஸு, சரிவு, ஹெட்போன், எல்லாம் அவருக்குப் பழகிடுச்சு. கடைக்கு வர்றவங்க, "அப்பாடா, இனிமே உங்களுக்கு அலைச்சல் இல்ல"ம்பாங்க. "ஆமா, வாய்க்கு ரெஸ்ட்டு"ன்னு அக்கா சிரிப்பாங்க. ஒரு நாளு மட்டும், யாரும் கேக்காமலே, குண்டூசிய எல்லாம் ஒதட்டுலருந்து எடுத்து வெச்சுட்டுச் சொன்னாங்க. "ஒம்போது வயசுப் புள்ளைக்குச் சொன்னது தப்பில்ல. அவனுக்கு மீச மொளைச்சப்புறமும் சொன்னேன் பாருங்க." அன்னிக்கு ஒருத்தரு துணி சுருங்கிடுச்சுன்னு வந்தாரு. அக்கா அவர ஏற எறங்கப் பாத்து, "துணி அப்படியேதான் இருக்கு சார்"ன்னுட்டாங்க. அவரு மறுபடி அந்தப் பக்கம் வரல.

மூணு மாசம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கெழம தம்பி கடைக்கு வந்து நின்னாரு. "புதுப்படம். வர்றியா?" அக்கா பாதி தெச்ச பேண்ட அப்படியே மிஷின்ல விட்டுட்டுக் கெளம்பிட்டாங்க.

கடைசி வரிசையில இல்ல, நடுவுல சீட்டு. பாதிப் படத்துல பேச்சு நின்னு, வெறும் இசை வந்துச்சு. ஒரு பொண்ணு காலி வீட்டுல ஒத்தையில நின்னுக்கிட்டு இருந்தா. அப்ப தம்பி, தலையத் திருப்பாமலே, அக்கா பக்கத்துக் காதுலருந்து ஹெட்போன நகத்தி விட்டாரு. காது வெறுமனே காத்துக்கிட்டு இருந்துச்சு.

அக்கா சாஞ்சாங்க. வாய் வரைக்கும் வந்துடுச்சு, "சிரிக்கறா"ன்னு. திரையில அவ மூஞ்சியப் பொத்திக்கிட்டு அழுதுக்கிட்டு இருந்தா.

அக்கா அந்த வார்த்தைய முழுங்கிட்டு, கைய நீட்டி, ஹெட்போன எடுத்து தம்பியோட காதுல சரியா வெச்சு, விழாம இருக்க ஒரு தடவ அழுத்தி விட்டாங்க.