தம்பி குடித்த தண்ணீர்

2012-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜில், லேபைக் கூட்டித் துடைத்து, கண்ணாடிச் சாமான்களைக் கழுவி வைக்கிற வேலையில் இருந்தேன். எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. அந்த வருடம்தான் என் தம்பி போனான். கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்தவனுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. ஆஸ்பத்திரியில் சேர்த்தும் பிழைக்கவில்லை.

"நான் குடுத்த போர் தண்ணிதான் புள்ளைய கொன்னுடுச்சு" என்று அம்மா சோற்றைத் தொடாமல் கிடந்தாள். சொந்தக்காரர்களும் அப்படித்தான் பேசினார்கள்.

லேபில் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பார்க்கிற வாரம் வந்தது. பிள்ளைகள் அவரவர் ஊர்த் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். என்னோடு நன்றாகப் பேசுகிற ஒரு பெண்ணிடம் விஷயத்தைச் சொல்லி, நானும் எங்கள் போர்வெல் தண்ணீர் ஒரு பாட்டில் கொடுத்தேன்.

சொட்டுச் சொட்டாக மருந்து விட்டாள். மஞ்சளாக்கி வைத்த தண்ணீர் செங்கல் நிறத்துக்கு மாற வேண்டும்; அதுவரை எவ்வளவு மருந்து போகிறதோ அவ்வளவு உப்பு. மாறவே இல்லை. விட்டுக்கொண்டே இருந்தாள்.

"இன்னாடி, கடல் தண்ணியா? மேனுவல்ல கீற அளவ எழுதிட்டு வா, கேன்டீன் போலாம்" என்றான் கூட இருந்த பையன்.

"நீ போடா. தப்பு என் கையிலயா, தண்ணிலயான்னு பாக்காம எப்டி எழுதறது?"

எல்லாவற்றையும் கழுவி மறுபடி செய்தாள். அதேதான். யோசித்துவிட்டுக் கேட்டாள்: "அக்கா, இந்த பாட்டில்ல முன்னாடி இன்னா இருந்துச்சு?"

அது தம்பியுடையது. ஆஸ்பத்திரியில் உப்பு சர்க்கரைப் பொடியை அதில்தான் கரைத்துக் கொடுத்தோம். அவன் கடைசியாக வாய் வைத்தது. கழுவ மனசு வரவில்லை. அவன் குடித்த தண்ணீரைத்தானே பார்க்க வேண்டும் என்று அதிலேயே பிடித்துக் கொண்டுபோயிருந்தேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அந்தப் பையன் கேன்டீனுக்குப் போகவில்லை.

மறுநாள் வேறு பாட்டிலில் கொண்டுபோனேன். மற்றவர்கள் தண்ணீரைப் போலத்தான் இருந்தது.

"அப்ப எங்க தண்ணி நல்லதாம்மா?"

"உப்பு மட்டும்தான்க்கா பாத்தேன். கிருமி கீதான்னு இதுல தெரியாது. நல்லதுன்னும் சொல்ல முடியாது, கெட்டதுன்னும் சொல்ல முடியாது." அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

அப்படியே அம்மாவிடம் சொன்னேன்.

"படிச்ச புள்ளைக்கே தெரியலையா?"

"தெரியலம்மா."

எழுந்து உட்கார்ந்தாள். "அப்ப நான்தான்னு இவங்கள்லாம் எப்டி சொல்றாங்க?" என்றாள். அன்றைக்கு ரெண்டு வாய் சாப்பிட்டாள்.

தண்ணீரை இப்போது காய்ச்சித்தான் குடிக்கிறோம். அவன் எதனால் போனான் என்று யாராவது பட்டென்று ஒரு காரணம் சொன்னால், தன் கையையே முதலில் சந்தேகப்பட்ட அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்கிறேன். அந்தக் காரணத்தை அம்மாவிடம் கொண்டுபோவதில்லை.